பலேர்மோவில் டிசம்பர் 13: அரஞ்சினா பொரிக்கப் போகும் முன் இதைப் படியுங்கள்

இத்தாலியின் சிசிலித் தீவில் இருக்கும் பலேர்மோவில் டிசம்பர் 13ஆம் தேதி சாந்தா லூச்சியா திருநாள். அன்று அந்த ஊர்க்காரர்கள் ரொட்டியும் பாஸ்தாவும் தொடமாட்டார்கள். 1646இல் பெரும் பஞ்சம் வந்ததாகவும், கோதுமை ஏற்றிய கப்பல் ஒன்று துறைமுகத்துக்குள் நுழைந்ததாகவும், பசியில் கிடந்த மக்கள் அதை அரைக்கக்கூடப் பொறுக்காமல் முழுசாக வேகவைத்துச் சாப்பிட்டதாகவும் சொல்வார்கள். அந்த நினைவில்தான் மாவுப் பண்டம் விலக்கு. வேகவைத்த கோதுமையில் ரிக்கோட்டா சேர்த்துச் செய்யும் குச்சியா ஒரு பக்கம் இருக்கட்டும். அன்றைக்கு ஊரே வரிசையில் நிற்பது அரஞ்சினாவுக்குத்தான். சோற்றை ஆரஞ்சுப் பழ அளவுக்கு உருண்டை பிடித்து, உள்ளே கறியோ சீஸோ வைத்து, எண்ணெயில் பொரித்தெடுக்கும் தெருத் தீனி. மேலே பூசுவது மைதாக் கரைசலும் ரொட்டித் தூளும்தானே, அது மாவில்லையா என்று கடையில் ஒரு பெரியவரிடம் கேட்டேன். அதெல்லாம் கணக்கில் வராது என்றார்.

இந்த ஒரு நாள் வியாபாரத்துக்காக நவம்பர் கடைசியிலிருந்தே கடைகள் ஆள் தேடும். மாணவர்களின் வாட்ஸப் குழுக்களில் செய்தி சுற்றும். நானும் அப்படிப் போனவன்தான். திருச்சியிலிருந்து முதுகலை படிக்க வந்து, அறை வாடகை 250 யூரோவை மாதாமாதம் எங்கே புரட்டுவது என்று முழித்துக்கொண்டிருந்த நேரம். கடையின் பெயரும் இடமும் வேண்டாம். மணிக்கு 7 யூரோ, கையில் ரொக்கம், பேப்பரெல்லாம் பண்டிகை முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்றார் முதலாளி. சிரித்த முகம். போன உடனே சுடச்சுட ஒரு அரஞ்சினாவைத் தட்டில் வைத்துச் சாப்பிடச் சொன்னார். வேலைக்கு வந்தவனுக்கு முதலில் சாப்பாடு போடுகிற மனுஷரிடம் போய் ஒப்பந்தம் எங்கே என்று கேட்க நாக்கு எழவில்லை. அன்றைக்கு யாராவது ஒருத்தர் என்னிடம் 'உனிலாவ்' என்ற ஒரே ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் போதும். அது என்ன என்பது பிறகு.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு நடந்ததன் காரணம் அதற்குள்தான் இருக்கிறது. அரிசி குட்டையாக, கஞ்சித்தன்மை நிறைந்த வகையாக இருக்க வேண்டும்; ஒரிஜினாரியோ அல்லது ரோமா என்று பாக்கெட்டில் போட்டிருக்கும். நம் ஊரில் சோறு உதிரி உதிரியாக வந்தால் பாராட்டு. இங்கே உதிரியாக வந்தால் அந்தச் சட்டியே வீண். வடிப்பது கிடையாது. குங்குமப்பூவும் வெண்ணெயும் உப்பும் போட்ட தண்ணீரோ, கறி வேகவைத்த சாறோ, அரிசிக்கு இரண்டு மடங்குக்குச் சற்று மேலாக ஊற்றி, அத்தனையையும் அரிசியே குடித்து முடிக்கும்வரை வேகவிட வேண்டும். கடைசியில் காச்சியோகவால்லோ என்கிற சீஸைத் துருவிக் கிளறுவார்கள். பிறகு அகலமான தட்டுகளில் விரல் கனத்துக்குப் பரப்பி, மேலே பிளாஸ்டிக் தாளை ஒட்டிப் போர்த்தி ஆறவிட வேண்டும். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தால் போதாது. நடுவரைக்கும் குளிர்ந்து, கஞ்சி இறுகி, அமுக்கினால் அமுக்கிய வடிவத்திலேயே நிற்க வேண்டும். நிதானமாகச் செய்கிற கடைகளில் இன்று வேகவைத்த சோற்றை நாளைக்குத்தான் பிடிப்பார்கள். இதில் அவசரம் காட்டவே முடியாது என்பதைப் பின்னால் எண்ணெய் எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

பலேர்மோவில் அடிப்படை வகை இரண்டு. 'அக்கார்னே' என்றால் கறி. கொத்துக்கறியைத் தக்காளியில் நெடுநேரம் வற்றவைத்துப் பட்டாணி சேர்த்தது. இதை உருண்டையாகப் பிடிப்பார்கள். 'அப்புர்ரோ' என்றால் வெண்ணெய். உள்ளே வெண்ணெயும் மைதாவும் பாலும் சேர்த்துக் காய்ச்சிய வெள்ளைக் குழம்பும் மொசரெல்லாவும் இருக்கும். இது கொஞ்சம் நீட்டு வாக்கில். பொரித்த பிறகு எல்லாம் ஒரே பழுப்பு நிறம் என்பதால் வடிவத்தை வைத்துத்தான் உள்ளே என்ன என்று தெரியும். தீவின் மறுகோடியில் இருக்கும் கத்தானியாவில் கூம்பாகப் பிடிப்பார்கள், பெயரையும் ஆண்பாலாக்கி அரஞ்சினோ என்பார்கள். அந்தச் சண்டைக்குள் நாம் போக வேண்டாம். சாந்தா லூச்சியா அன்று சாக்லேட் வைத்துச் சர்க்கரையில் புரட்டியதும் உண்டு. கேட்க விசித்திரமாக இருந்தாலும் அது புதுமை என்று சொல்லிவிட முடியாது. 1857இல் அச்சான சிசிலிய அகராதி ஒன்றில் இந்தப் பண்டத்தை இனிப்பு என்றே எழுதியிருக்கிறார்கள்.

சுற்றிப் பார்க்க வரும் சைவ நண்பர்களுக்கு ஒன்று. வெண்ணெய் என்ற பெயரை நம்பி அப்புர்ரோவை வாங்காதீர்கள். அதற்குள் பொடியாக நறுக்கிய பன்றித் தொடைக்கறி இருக்கும். கடையில் அலர்ஜிப் பட்டியல் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம், கேட்டால் காட்டுவார்கள். ஆனால் அது பால், முட்டை, கோதுமை, நிலக்கடலை, மீன் என 14 பொருள்களுக்கானது. இறைச்சி அதில் வராது. கீரையும் மொசரெல்லாவும் வைத்த வகை கிடைக்கும். அதிலும் சோறு எந்தச் சாற்றில் வெந்தது, கறி பொரித்த அதே எண்ணெயா என்று கேட்டாக வேண்டும். பசிக்கு ஏதாவது வேண்டுமென்றால் பனெல்லே பாதுகாப்பு. வெறும் கடலை மாவு, தண்ணீர், உப்பு, கொஞ்சம் பார்ஸ்லித் தழை. அதையும் எந்த எண்ணெயில் போடுகிறார்கள் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, கடைக்கு வருகிறேன். என் வேலை பிடிப்பதும் பொரிப்பதும். இடது உள்ளங்கையில் சோற்றை அப்பிக் குழி செய்து, உள்ளே ஒரு கரண்டி கலவை வைத்து, மேலே சோற்றால் மூடி, விரிசல் இல்லாமல் இறுக்க வேண்டும். அப்புறம் மைதாக் கரைசலில் முக்கி, ரொட்டித் தூளில் புரட்ட வேண்டும். கரைசல் பஜ்ஜி மாவைவிட நீர்த்திருக்கும். அது எங்கே பிடிக்கவில்லையோ அங்கே எண்ணெய் உள்ளே போகும். ஒவ்வொன்றும் 200 கிராம் வரும். முதல் சில நாள் ஆசையாகத்தான் இருந்தது. மஞ்சள் சோற்றின் மணம், மதிய வேளையில் பள்ளிப் பிள்ளைகளின் கூச்சல், என் உருண்டைகளைப் பார்த்து மூத்த சமையல்காரர் தலையாட்டியது எல்லாம் பிடித்திருந்தது. 13 நெருங்க நெருங்க வீட்டுக்குப் போகும் நேரம் நள்ளிரவைத் தாண்டியது. மாணவர் பெர்மெஸ்ஸோவில், அதாவது இங்கே தங்குவதற்கான அனுமதிச் சீட்டில், வாரத்துக்கு 20 மணி நேரம், ஆண்டுக்கு 1,040 மணி நேரம் வரைதான் வேலை செய்யலாம். அந்தக் கணக்கை யார் பார்த்தார்கள்? எழுத்தில் நான் அங்கே வேலை செய்யவே இல்லையே. அப்போதிருந்தே ராத்திரியில் தூக்கம் வராமல் என் மணிக்கணக்கை ஒரு நோட்டில் எழுதி வைக்க ஆரம்பித்தேன். பின்னால் கைகொடுத்தது அந்த நோட்டுதான்.

12ஆம் தேதி இரவு ஆறவைத்த சோறு தீர்ந்துவிட்டது. விடியற்காலையிலேயே ஆர்டர்கள் போக வேண்டும். புதிதாகப் பெரிய சட்டியில் ஏற்றினார்கள், வெந்ததும் தட்டில் கொட்டி மின்விசிறியை வைத்தார்கள். மேலே தொட்டால் ஆறின மாதிரி இருந்தது, விரலை உள்ளே விட்டால் வெதுவெதுப்பு. மூத்த சமையல்காரர் முணுமுணுத்தார். முதலாளி, பிடியுங்கள் பிடியுங்கள் என்றார். மொசரெல்லாவும் அப்போதுதான் பையிலிருந்து எடுத்தது, தண்ணீர்கூடச் சரியாக வடியவில்லை.

இந்த நிலையில் எண்ணெய்க்குள் என்ன நடக்கும் என்று வீட்டில் செய்து பார்ப்பவர்களும் தெரிந்துகொள்ளுங்கள். எண்ணெய் 170லிருந்து 180 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உருண்டை முழுசாக மூழ்க வேண்டும். குளிர்ந்த சோறு என்றால் மேல் ஓடு முதலில் இறுகும், உள்ளே மெதுவாகச் சூடேறும், இரண்டும் சரியாக வந்து சேரும். சோறு ஏற்கெனவே சூடாக இருந்தால் ஓடு இறுகுவதற்குள் உள்ளே ஆவி கிளம்பிவிடும். அது வெளியே வர வழி தேடி, பலவீனமான இடத்தில் கிழிக்கும். மொசரெல்லாவின் தண்ணீரும் சேர்ந்தால் கிழிவதோடு நிற்காது, வெடிக்கும். அவசரத்தில் ஒரே நேரத்தில் நிறையப் போட்டால் எண்ணெயின் சூடு இறங்கி, ஓடு இறுக இன்னும் நேரமாகும். அன்றிரவு இந்த மூன்றும் ஒன்றாக நடந்தது. முதலில் ஒன்றிரண்டு வாய் பிளந்தன. உடைவதற்கு என் கூலியில் பிடிப்பேன் என்று முதலாளி கத்தினார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். அரிகரண்டியால் ஒன்றைத் திருப்பும்போது அது வெடித்து, கொதிக்கும் எண்ணெயும் சீஸும் என் இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை அடித்தன. சீஸ்தான் மோசம். எண்ணெய் வழிந்துவிடும், சீஸ் ஒட்டிக்கொண்டு சுட்டுக்கொண்டே இருக்கும்.

யாரோ ஐஸ் கொண்டு வந்தார்கள், யாரோ வெண்ணெய் தடவச் சொன்னார்கள். எனக்கோ அந்த வலியிலும் அம்மா இட்லி மாவு தடவுவது நினைவு வந்தது. எதுவும் வேண்டாம். குழாயைத் திறந்து, சாதாரணக் குளிர்ந்த தண்ணீர் காயத்தின் மேல் ஓடட்டும், 20 நிமிடம். நேரத்தைப் பார்த்து 20 நிமிடம். நமக்கு ஐந்து நிமிடமே அரைமணி மாதிரி தெரியும். மோதிரம், கடிகாரம், கயிறு எல்லாவற்றையும் வீங்குவதற்கு முன் கழற்றிவிடுங்கள். ஐஸ், பற்பசை, வெண்ணெய், மாவு எதுவும் கூடாது. கொப்புளத்தை உடைக்காதீர்கள். சமையலறையில் இருக்கும் பிளாஸ்டிக் தாளைத் தளர்வாக மேலே மூடிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாம். பெரிய காயம் என்றால் 112.

நான் தனியாகத்தான் போனேன். வண்டியில் ஏற்றிவிட்ட முதலாளி, என் சட்டைப் பையில் 50 யூரோவைத் திணித்து, வீட்டில் சமைக்கும்போது சுட்டுக்கொண்டேன் என்று சொல்லு என்றார். அவசரப் பிரிவில் பதிவு செய்த செவிலி முதலில் கேட்டதே எங்கே நடந்தது என்றுதான். உண்மையைச் சொல்ல வேண்டும் என்ற வீரமெல்லாம் எனக்கு இல்லை. பொய்யை ஜோடித்துச் சொல்லும் அளவுக்கு என் இத்தாலிய மொழி வளரவில்லை, அவ்வளவுதான். வேலை, அரஞ்சினா, எண்ணெய் என்று தெரிந்த மூன்று வார்த்தையைச் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்து, சாந்தா லூச்சியா என்று தலையில் அடித்துக்கொண்டார். மருத்துவர் தொழில் விபத்து என்று சான்றிதழ் எழுதி, விபத்துக் காப்பீட்டு நிறுவனமான இனாயிலுக்கு அனுப்பிவிட்டார். அந்தத் தாளின் அருமை அப்போது எனக்குத் தெரியாது. கட்டுப் போட்ட கையோடு வெளியே வந்தபோது விடிந்திருந்தது. எதிர்க் கடையில் அரஞ்சினாவுக்கு வரிசை நின்றது. அந்த எண்ணெய் வாடைக்கு அங்கேயே குமட்டியது.

அடுத்த வாரங்கள் மோசமானவை. ஒரு கையால் குளிக்க, உடுத்த, தட்டச்ச வேண்டும். வீட்டுக்குச் சொல்லவில்லை, வீடியோவில் பேசும்போது கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொள்வேன். கூலி கேட்டுச் செய்தி அனுப்பினால் நீல டிக் வரும், பதில் வராது. நேரில் போனால் உடைந்தவை, வீணான எண்ணெய் என்று ஒரு கணக்கு சொல்லி, நீதான் எனக்குத் தர வேண்டும் என்றார். போலீசுக்குப் போனால் என் பெர்மெஸ்ஸோவுக்கு ஆபத்து என்றும் சொன்னார். அந்தப் பயம்தான் என்னைப் பாதி நாள் வாய் திறக்கவிடாமல் வைத்தது.

பலேர்மோவில் யாழ்ப்பாணத் தமிழர்கள் நாற்பது ஆண்டுகளாக இருக்கிறார்கள். சாந்தா ரொசாலியா என்ற புனிதையைக் கும்பிட ஞாயிற்றுக்கிழமைகளில் பெல்லெகிரினோ மலைக்கு நடந்து போகும் கூட்டத்தில் இந்துக்களும் உண்டு. பல்லரோ சந்தைக்குப் பக்கத்தில் மளிகை வாங்கப் போனபோது, அங்கே பழக்கமான ஒரு அக்கா என் கட்டைப் பார்த்துவிட்டுக் கடை ஓரமாக உட்காரவைத்து எல்லாவற்றையும் கேட்டார். "ஆஸ்பத்திரியிலை வேலையிடத்திலை சுட்டதெண்டே சொன்னனீர்? அப்ப பயப்பிடாதையும் தம்பி. அந்தப் பேப்பரை மட்டும் துலைக்காதையும்" என்றவர், மறுநாளே என்னைப் பத்ரோனாத்தோவுக்குக் கூட்டிப்போனார். தொழிற்சங்கங்கள் நடத்தும் உதவி அலுவலகம் அது. இனாயில் மனுவைக் காசு வாங்காமல் எழுதிக் கொடுத்தார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு முதல் நாளே காட்ட வேண்டிய இடம்.

அங்கே தெரிந்துகொண்டவற்றைச் சொல்கிறேன். ஒருவரை வேலைக்கு எடுத்தால், அவர் வேலை தொடங்குவதற்கு முந்தைய நாளுக்குள் முதலாளி அரசுக்கு இணையத்தில் தெரிவித்தாக வேண்டும். அந்தப் படிவம்தான் உனிலாவ். ஒரு நாள் வேலை, பண்டிகை வேலை என்றெல்லாம் விலக்கு இல்லை. பண்டிகை முடிந்து பார்க்கலாம் என்று யாராவது சொன்னால், பார்க்கப் போவதில்லை என்று பொருள். அடுத்து, சம்பளத்தை ரொக்கமாகத் தருவதற்கு 2018 ஜூலையிலிருந்தே தடை. வங்கி வழியாக வர வேண்டும். 'கையில் ரொக்கம்' என்ற சொல்லைக் கேட்டதுமே எழுந்து வந்துவிடலாம். பதிவில்லாமல் ஆள் வைத்தால் அபராதம் வைத்தவருக்குத்தான். பெர்மெஸ்ஸோ சரியாக இருக்கும் மாணவனை மிரட்டப் போலீஸ் என்ற சொல்லைப் பயன்படுத்துவார்கள், அவ்வளவே.

இனாயில் பற்றி எனக்கு ஆச்சரியமாக இருந்த விஷயம், முதலாளி பதிவே செய்யாமல், பணமே கட்டாமல் இருந்தாலும் விபத்துக்குள்ளான தொழிலாளிக்குப் பாதுகாப்பு உண்டு என்பது. வேலை செய்ததை நிரூபிக்க வேண்டும். அதற்கு என் நோட்டும், வாட்ஸப் செய்திகளும், கடை ஏப்ரனோடு நான் எடுத்த ஒரு செல்ஃபியும் போதுமானதாக இருந்தன. முதல் மூன்று நாளுக்கு முதலாளி பொறுப்பு, நான்காம் நாளிலிருந்து இனாயில் தினக்கூலியில் 60 சதவீதம் தரும், 90 நாளைத் தாண்டினால் 75. வீட்டில் சுட்டது என்று ஆஸ்பத்திரியில் எழுதிவிட்டால் இந்தக் கதவு கிட்டத்தட்ட மூடிவிடும். எந்த மொழியில் திணறினாலும் வேலை என்ற வார்த்தையை மட்டும் சொல்லிவிடுங்கள்.

பணக் கணக்கு இது. பேசிய கூலிப்படி எனக்கு வர வேண்டியது 430 யூரோ. ஆஸ்பத்திரி அன்று பையில் திணித்த 50 யூரோ ஒன்று. சங்கத்திலிருந்து கடிதம் போன பிறகு கடையின் கணக்காளர் கூப்பிட்டு 200 யூரோ வங்கியில் போட்டார். உடைந்தவற்றுக்குப் பிடித்தம் என்ற பேச்சே அந்தக் கடிதத்துக்குப் பிறகு எழவில்லை. களிம்பு, கட்டுத்துணி என்று என் கையிலிருந்து 70 யூரோ போனது. வார இறுதியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த இன்னொரு வேலை போனது, ஜனவரித் தேர்வு ஒன்று ஜூனுக்குத் தள்ளிப்போனது. இனாயில் பணம் சில மாதம் கழித்து வந்தது. ஒரு மாத வாடகைக்குக் கிட்டத்தட்டச் சரியாக இருந்தது.

இதையெல்லாம் படித்த பிறகும் டிசம்பர் வேலைக்குப் போக நினைப்பவர்களைத் தடுக்க மாட்டேன். ஒழுங்கான கடைகளும் இருக்கின்றன. இந்தப் பண்டத்தைக் கற்றுக்கொள்ள அந்தச் சமையலறையைவிட நல்ல இடம் இல்லை. முதல் போன் பேச்சிலேயே உனிலாவ் நகல் எப்போது தருவீர்கள் என்று கேளுங்கள். தயங்கினால் அடுத்த கடை. பதிவு நிஜமாக இருக்கிறதா என்று வேலைவாய்ப்பு அலுவலகத்தில் விசாரிக்கலாம். மணிக்கணக்கை அன்றன்றே எழுதுங்கள். பொரிக்கும் இடத்தில் நின்றால் முழுக்கைப் பருத்திச் சட்டை, மூடிய காலணி. பாலியஸ்டர் வேண்டாம், தோலோடு உருகி ஒட்டும். சோற்றின் நடுவில் விரலை விட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருந்தால் எண்ணெய்ச் சட்டியிடம் வேறு யாரையாவது நிற்கச் சொல்லுங்கள். அதற்குத் திட்டு விழும், விழட்டும்.

மீதி 180 யூரோ இன்னும் நிற்கிறது. கூலிப் பாக்கியைக் கேட்க ஐந்து ஆண்டு வரை இடம் உண்டு என்று சங்கத்தில் சொன்னார்கள். என் செய்திகளுக்கு நீல டிக் மட்டும் இப்போதும் தவறாமல் விழுகிறது.